தம்பி எடுத்த கசெக்கி

மண்ணூரில் கோவிந்தம்மா வீட்டுச் சாமி அலமாரியில் உள்ளங்கை அகலக் கல் ஒன்று இருக்கிறது. அதில் ஓர் இலை நரம்பு நரம்பாகப் பதிந்திருக்கும். ரோட்டுக்கு மண் அள்ளிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றது. அதில் குளிக்கப் போன மகன் நிலவனைப் பிணமாகத் தூக்கியபோது, அவன் கால்சட்டைப் பையில் இருந்த கல் அது. அன்றிலிருந்து அதற்கு மஞ்சள், குங்குமம், வெள்ளிக்கிழமை சூடம்.

அவன் அக்கா அறிவுமதிக்கு ஒரகடத்தில் ஜப்பான் கம்பெனி ஒன்றில் லைன் வேலை. ஜப்பானுக்கே மூன்று வருடம் அனுப்ப ஆள் எடுத்தார்கள். அப்பா இல்லாத வீடு. அம்மாவைத் தனியே விட்டுப் போவதெப்படி என்பதுதான் அவளை அரித்தது. இருந்தாலும் பெயர் கொடுத்துவிட்டாள். நேர்காணலில் சொந்த ஊர்ப் பொருள் ஒன்றைக் காட்டி ஜப்பானிய மொழியில் பேச வேண்டும்.

"இட்லிப்பொடி எத்துகினு போடி. தும்மிக்கினே செலக்ட் பண்ணிடுவாங்க" என்றாள் லைன் தோழி ஷாரோன்.

அறிவுமதி மனத்தில் கல்தான் இருந்தது. செல்போனில் தேடி அதற்கான ஜப்பானியச் சொல்லைப் பிடித்தாள். கசெக்கி. காய் நறுக்கிக்கொண்டே பழகினாள்: "கோரெ வா கசெக்கி தெஸ்."

"இன்னாடி அது, மந்திரமா?" என்றாள் அம்மா.

"இது கசெக்கின்னு அர்த்தம்மா. உசுரோட இருந்தது செத்து, மண்ணுல பொதஞ்சு, கல்லுல அப்டியே தங்கிடும். அதுக்குப் பேரு."

கோவிந்தம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னாள். கோவிந்தம்மா அலமாரியைப் பார்த்து, தூங்குகிறவனை எழுப்புவதுபோல, "கசெக்கி..." என்றாள். பிறகு தானே கல்லை எடுத்து நீட்டினாள். அடிப்புறம் ஈரமாக இருந்தது.

"எத்துகினு போ. அவன்தான் கண்டுபுடிச்சான்னு சொல்லணும்."

நேர்காணலில் அப்படியே சொன்னாள். "ஒதோதோ கா கசெக்கி ஓ மிட்சுகெமாஷ்தா." தம்பிதான் இதைக் கண்டெடுத்தான் என்று. அதிகாரி இரு கைகளாலும் கல்லை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தம்பி இப்போது எங்கே என்று கேட்டார். இறந்துவிட்டான் என்பதற்கான சொல் அவளுக்குத் தெரியும். வாயில் வந்ததோ வேறு.

அவளை எடுத்துவிட்டார்கள். அதைச் சொன்னதும் கோவிந்தம்மா கேட்டது ஒன்றுதான்.

"அவனப் பத்தி இன்னா கேட்டாங்க?"

"எங்க கீறான்னு கேட்டாங்க."

"நீ?"

"வூட்லதான் கீறான்னு சொல்ட்டேன்மா. தெரியாம வந்துச்சு."

கோவிந்தம்மாவின் முகம் மலர்ந்தது. "கரெக்டாத்தான் சொல்லிக்கீற. நீ தைரியமா போ. நான் இன்னா தனியாவா கீறேன்?"

அறிவுமதிக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.