பின்கண்ணாடியில் எழுதிய விசுவாசம்

இரவு டாக்சி ஓட்டுகிறவனுக்கு முகம் கிடையாது. ஏறியவருக்கு அவன் பிடரி, ஏறாதவருக்கு அவன் வண்டியின் பின்கண்ணாடி, அவ்வளவுதான். அதனால்தான் நம் ஆட்கள் ஊருக்குச் சொல்ல நினைப்பதையெல்லாம் பின்கண்ணாடியில் ஒட்டிவிடுகிறோம். முருகன் துணை, மாதா துணை, அம்மாவின் ஆசி. என் வண்டியில் வெகுகாலம் 'பிதா குமாரன் பரிசுத்த ஆவி துணை' என்று இருந்தது. மும்பை தாராவியில் எங்கள் சபைக்காரர்கள் பாதிப்பேர் வண்டியில் அதுதான்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். மாட்டுங்கா ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் வேதத்தை வாசித்துத்தான் எழுத்து பழகியது. மனசு எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கும் சுபாவம். ஒரு மழைக்காலம் முழுக்க, ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரை, ஒரே விஷயத்தைத் தேடினேன்: மூவரும் சேர்ந்து ஒரே கடவுள் என்று எங்கே எழுதியிருக்கிறது? பிதா இருக்கிறார். குமாரன் இருக்கிறார். ஆவியானவர் இருக்கிறார். திரித்துவம் என்ற சொல்லைக் காணோம். மூவரும் ஒன்று என்று நேராகச் சொல்கிற வரி யோவானின் முதல் நிருபத்தில் கிடைத்தது. சந்தோஷமாகப் புது மொழிபெயர்ப்பைப் புரட்டினால் அதில் அந்த வரி இல்லை. பழைய கிரேக்கப் பிரதிகளில் அது கிடையாது என்று அடிக்குறிப்பு. இரண்டு புத்தகத்தையும் அருகருகே வைத்து மறுபடி தேடினேன். கேள்வி கேட்டு மாட்டிக்கொண்ட சக பாவிகளே, அந்த வலி உங்களுக்குத் தெரியும். என் கதையில் அது வலியோடு நிற்கவில்லை. என் மகள் ஜெசியின் கல்யாணத்தில் அவள் கையைப் பிடித்துக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டா இல்லையா என்கிற வழக்காகவே முடிந்தது.

குர்லா பாய்

அந்த மழையில் பின்கண்ணாடி எழுத்தும் உரிந்து, 'பிதா' மட்டும் மிச்சமிருந்தது. குர்லாவில் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுகிற பாய் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "பழைய வாசகந்தானே?" என்று பிளேடை எடுத்தார். "இல்ல பாய். 'தேவன் ஒருவரே'ன்னு வெட்டுங்க. அது போதும்" என்றேன். பிளேடைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். டீ சொன்னார், சமோசா சொன்னார், குடும்பம் எல்லாம் சுகமா என்றார்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. "பாய், நான் எங்கயும் மாறி வரலை. இயேசு இல்லாம எனக்குப் பொழுது விடியாது. அவரு தேவகுமாரன், அதுல எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது" என்றேன். பாய் என் கையிலிருந்த சமோசாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பம் நீரு எங்க ஆளும் இல்ல, அவுக ஆளும் இல்ல. நடுரோட்டுல நிக்கீரு வே. பாத்து, ரெண்டு பக்கமும் வண்டி வரும்."

மாட்டுங்கா மாமா

விடியற்காலையில் கோயிலுக்குப் போகிற மாமா ஒருவர் எனக்கு வாடிக்கை. ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் படிக்காமல் ஏறமாட்டார். பின்கண்ணாடியைப் படித்துவிட்டு, "பேஷ். அப்போ பிள்ளை?" என்றார். பிள்ளை பிதாவுக்குக் கீழ்ப்பட்டவர் என்றுதான் நான் வாசித்த வரைக்கும் தெரிகிறது என்றேன். பிதா என்னிலும் பெரியவர் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். கடைசி நாள் எப்போது என்று தமக்கும் தெரியாது என்கிறார்.

"சரி, ரெண்டும் ஒண்ணுங்கறவா யாரு?"

"எங்க சபை பூரா."

"வேறேங்கறவா?"

"நான்."

கோயில் வாசல் வரை சிரித்துக்கொண்டே வந்தார். இறங்கிச் செருப்பைக் கழற்றியவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். "ஜீவனும் பிரம்மமும் ஒண்ணா வேறேயான்னு, இதே சண்டைக்கு எங்களவா மூணு மடம் கட்டிட்டா. மூணுலயும் சாப்பாடு உண்டு. நீர் ஒண்டியாக் கிளம்பியிருக்கீரே, உமக்கு யார் சோறு போடுவா?"

செம்பூர் நர்ஸ்

எல்லோருக்கும் என்னிடம் பதில் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். டியூட்டி முடிந்து செம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு நர்ஸம்மா, நாகர்கோவில்காரி, என்னை நொடியில் மடக்கினாள். "அண்ணே, உயிர்த்தெழுந்த இயேசுவோட காயத்தைப் பாத்ததும் தோமா 'என் ஆண்டவரே, என் தேவனே'ன்னு சொன்னான்லா? இயேசு தேவன் இல்லைன்னா, 'அப்படிக் கூப்பிடாத தோமா'ன்னு அவரு கண்டிச்சிருக்கணும்லா? ஏன் கண்டிக்கலை?"

அந்த இடத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அவர் கண்டிக்கவில்லை என்பது மட்டும் கண்ணில் பட்டதே இல்லை. இன்று வரை அதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டே போனேன். பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, மெதுவா யோசிங்க, அவசரமில்ல. ஆனா என் பில்டிங் பின்னாடி போயிட்டு."

ஆண்டாப் ஹில் சம்பந்தி

ஜெசிக்கு ஆண்டாப் ஹில்லில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். பையனும் அவளும் ஒரே ஆபீஸ். அவர்களாகப் பிடித்துப்போன இடம். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு இரண்டு வீட்டார் சபையிலும் ஆராதனையில் பெண், பிள்ளை பெயரை வாசித்து, தடை சொல்ல யாரும் உண்டா என்று கேட்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். அதைப் பற்றிப் பேசப் போன இடத்தில், வழியனுப்ப இறங்கி வந்த சம்பந்தி என் வண்டியின் பின்னால் நின்று வாசித்தார். திரும்பவும் வாசித்தார். அவருடைய சபையில் அவர் மூப்பர், சபையை நடத்துகிறவர்களில் ஒருவர்.

"குமாரனை எங்க, அண்ணாச்சி?" என்றார். உள்ளே சிலுவை தொங்குகிறது என்று காட்டினேன். "உள்ள தொங்குறது உமக்கு. வெளிய எழுதினது ஊருக்கு" என்றார். அதில் நியாயம் இருந்தது. நானும் ஊருக்குத்தானே எழுதினேன். கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பொண்ணு தங்கம், ஒரு குறை கிடையாது. ஆனா ஓலை வாசிக்கையில நானே எந்திரிச்சுத் தடை சொல்ற மாதிரி வச்சிராதீங்க. கண்ணாடியைச் சுரண்டிருங்க."

போதகர்

சம்பந்தி எங்கள் போதகரிடமும் சொல்லிவிட்டார். போதகர் கூப்பிட்டு உட்கார வைத்தார். கத்துகிற மனுஷன் இல்லை. மத்தேயுவின் முடிவில் மூவர் பெயராலும் ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னதைக் காட்டினார். கொரிந்தியருக்கு எழுதிய ஆசீர்வாதத்தில் மூவரும் சேர்ந்து வருவதைக் காட்டினார். வார்த்தை தேவனாயிருந்தது என்று யோவான் தொடங்குவதைக் காட்டினார். "ஐயா, மூணு பேரு இருக்காங்க, ஒத்துக்கிடுதேன். மூணும் சரிசமம், மூணும் ஒண்ணுன்னு கட்டுற கயிறு எந்த அதிகாரத்துல இருக்கு?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "மாட்டுங்கால பூ வாங்கியிருக்கீங்கள்ல? கூடையில மாலை இருக்காது, பூதான் இருக்கும். வேதத்துல பூ இருக்கு. சபை கோர்த்துச்சு" என்றார். அழகான பதில், வீட்டுக்கு எடுத்துப் போகிற மாதிரியான பதில். ஆனால் நான் எழுந்து, "கோர்த்தது சபைன்னு நீங்களே ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொல்லுங்க. அன்னைக்கே கண்ணாடியைச் சுரண்டுதேன். எழுதியிருக்குன்னு என்னைச் சொல்லச் சொல்லாதீங்க" என்றேன். வேதத்தை மூடி வைத்தார். பிறகு தீர்ப்பு வந்தது. "ஜெசி மேல குத்தமில்லை, ஓலை வாசிக்கிறேன், சம்பந்திகிட்டயும் நானே பேசுறேன். ஆனா நீங்க பீடத்துக்கிட்ட வரக் கூடாது. கையைப் பிடிச்சுக் கொடுக்க அவ தாய்மாமா வரட்டும். நீங்க கடைசி பெஞ்சு."

வீட்டில்

என் மனைவி எஸ்தர் இரண்டு நாள் ஜெசியிடம் சொல்லித்தான் எனக்குச் சோறு போட்டாள். மூன்றாம் நாள் சோற்றைத் தட்டில் போட்டபடியே ஆரம்பித்தாள். "மூணுன்னு சொன்னா வாய் வெந்தா போவும்? பெத்த பிள்ளைக்குக் கூட நிக்காத மனுஷனுக்கு வேதம் எதுக்கு?" பகலில் தூங்கப் போனவன் தூங்காமல், பிளேடும் மண்ணெண்ணெய்த் துணியும் எடுத்துக்கொண்டு வண்டியருகில் போய் நின்றேன். பொய் இல்லை, நின்றேன்.

ஜெசி பின்னாலேயே வந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். "தே... வன்... ஒரு... வரே" என்று விரலால் தடவி வாசித்தாள். "இது பொய்யா, பப்பா?" என்றாள். இல்லை என்றேன். "அப்போ அவங்க சொல்றது பொய்யா?" தெரியலை என்றேன், தெரியாததைத் தெரியும் என்று சொல்லச் சொல்கிறார்கள், அதுதான் சண்டை என்றேன். அவள் என் கையிலிருந்த பிளேடை வாங்கிக்கொண்டாள். "ரஹ்னே தோ, இருக்கட்டும் பப்பா. பொய் சொல்லிட்டு வந்து என் கையைப் பிடிச்சா, உன் கை நடுங்கும். எனக்குத் தெரிஞ்சிரும்."

கடைசி பெஞ்சு

மூன்று ஓலையும் தடையில்லாமல் முடிந்தது. சம்பந்தி எழுந்திருக்கவில்லை. கல்யாணத்தன்று போதகர் சொன்னபடி நான் கடைசி பெஞ்சில், குடைகள் சாத்தியிருக்கும் மூலையில் உட்கார்ந்தேன். ஜெசி தாய்மாமாவை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக நடந்து போனாள். சபை சலசலத்தது. போதகர் புத்தகத்தைப் பார்த்து, இந்தப் பெண்ணை விவாகத்துக்குக் கொடுக்கிறவர் யார் என்று கேட்டார். பீடத்தருகே பதில் சொல்ல ஆளில்லை. எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள்.

பீடத்துக்கு வரக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எழுந்து நின்று, டிராம்பே பஸ்ஸை நிறுத்துகிற சத்தத்தில், "நான் கொடுக்கேன்!" என்றேன். சபையிலிருந்த தலையெல்லாம் திரும்பியது. ஜெசி மட்டும் திரும்பவில்லை. அவள் தோள் ஒரு தரம் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று அங்கிருந்து தெரியவில்லை. கிட்ட வந்து கொடு என்று போதகர் சொன்னால் அவர் தீர்ப்பு போச்சு. உட்காரு என்றால் கல்யாணம் நின்றுபோகும். போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, புத்தகத்தைப் பார்த்தே சொன்னார்: "சத்தம் கேட்டுச்சு. அது போதும்."

இந்தத் தொழிலும் அந்தச் சபையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: வழி தவறினவனைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைப்பார்கள், வழி சரிதானா என்று கேட்டவனுக்குத்தான் கடைசி பெஞ்சு.