காற்றின் மேல் போட்ட பழி

எங்கள் சித்தப்பாவின் ஏத்தன் வாழைக்கு இரண்டு எதிரிகள் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். ஒன்று ஆடிக் காற்று. இன்னொன்று, ஓணத்துக்குக் குலை பிடிக்கக் கேரளத்திலிருந்து வரும் வியாபாரியின் கண். அவர் வந்து குலைகளைக் கைபேசியில் படம் பிடித்து, “அடிபொளி” என்று மெச்சிவிட்டுப் போவார். சில நாட்களில் பாதித் தோட்டம் கவிழ்ந்து கிடக்கும். கண்ணேறு படாமலிருக்க அம்மா என் பழைய பள்ளிச் சீருடையை மாட்டி ஒரு பொம்மையை நட்டுவைத்தாள். அதுவும் வாழையோடு சேர்ந்து விழுந்தது.

சித்தப்பாவின் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தாத்தா சாகும்வரை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, “வெளங்காத பய” என்றுதான் கூப்பிடுவார். தாத்தா போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. இரண்டு வருடம் தொடர்ந்து வாழை சாய்ந்ததும் சித்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுசீந்திரத்துக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். “இந்த ஓணத்துக்குக் குலைய லாரியில ஏத்திக் காட்டட்டும், வாறேன்” என்று அம்மாவிடம் போனில் சொன்னாள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அன்று காலையில் வியாபாரி வந்து போயிருந்தார். மதியம் சோற்றுத் தூக்கோடு தோட்டத்துக்குப் போனேன். காற்றே இல்லை, நல்ல வெயில். சித்தப்பா வாழையை ஊன்றுகம்போடு சேர்த்துக் கட்டியிருந்த கயிறுகளை வெட்டோத்தி அரிவாளால் ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தார்.

“மாத்திக் கெட்டப் போறியளா, சித்தப்பா?”

திடுக்கிட்டுத் திரும்பினார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“காத்து எப்படியும் வந்து தள்ளும் மக்கா. எப்பம் வரும், எப்பம் வரும்னு பாத்துக்கிட்டு இருக்கத்தான் என்னால முடியல்ல.”

எனக்குப் பயமாகிவிட்டது. தூக்கை அங்கேயே வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட ஓடினேன்.

அம்மா போட்டது போட்டபடி வந்தாள். அறுந்த கயிறுகளைப் பார்த்தாள்.

“போன வருசமும் இப்படித்தானா?”

சித்தப்பா தலையாட்டினார்.

“அதுக்கு முந்துன வருசம்?”

அதற்கும் தலையாட்டினார். அம்மா திட்டவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றை எடுத்தாள். “எழும்பு தம்பி. ஒனக்க கையாலயே கெட்டு” என்றாள். நெடுநேரம் கழித்து அவர் எழுந்தார். நானும் கம்பைப் பிடித்துக்கொண்டேன். கட்டி முடிப்பதற்குள் மேற்கேயிருந்து காற்று வந்தது. கயிறில்லாத வாழைகள் எங்கள் கண் முன்னால் வரிசையாகச் சாய்ந்தன.

“காத்துன்னே இருக்கட்டும். ஆருட்டயும் சொல்லண்டாம்” என்றாள் அம்மா.

அந்தக் காற்றை ஊரே பார்த்திருந்தது. அவர் பேசாமல் இருந்திருக்கலாம். மறுநாள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சுசீந்திரத்துக்கு பஸ் ஏறினார். “காத்து இல்ல. மூணு வருசமும் நாந்தான்” என்று சித்தியிடம் சொன்னாராம். சித்தி கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த ஓணத்துக்கு அவள் வரவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால், காற்று செய்ததுதானே என்று மனமிறங்கி வந்திருப்பாளே.

அடுத்த வருடமும் ஏத்தன்தான் நட்டார். வியாபாரி வந்து போன அன்றே வெட்டோத்தியைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார்.

“ஓணம் வரைக்கும் இது ஒங்ககிட்ட இருக்கட்டும், மைனி. நான் கேட்டாலும் தரப்பிடாது.”

அம்மா அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் மதியம் முற்றத்தில் வந்து நின்று கேட்டார். முதலில் தன்மையாகத்தான் கேட்டார். பிறகு கெஞ்சினார். பிறகு, அதுவரை அம்மாவை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிராதவர், கேட்கக் கூசும் வார்த்தைகளால் திட்டினார். அம்மா கதவைத் தாழிட்டுவிட்டாள். வெயில் சாயும்வரை அங்கேயே நின்றிருந்துவிட்டுப் போனார்.

அந்த ஓணத்துக்குக் குலைகள் லாரியேறின. சித்தியும் பிள்ளையோடு வந்து சேர்ந்தாள்.

ஆனால் அவர் முற்றத்தில் நின்ற அந்த மதியம் நான் சித்தப்பா பக்கம்தான் இருந்தேன். அவருடைய வெட்டோத்தியை அவர் கேட்கிறார், கொடுத்தால் என்ன என்று அம்மாவோடு சண்டை போட்டேன். தரக்கூடாது என்று சொல்லிவைத்ததும் அவர்தான், வெளியே நின்று திட்டுவதும் அவர்தான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு, தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காமல் அம்மா ஏன் அழுதுகொண்டே நின்றாள் என்பதும்தான்.