சன்னலோரக் காலி சீட்டுகள்

போன வாரம் வாலாஜாபாத் பஸ்ஸில் சன்னலோர சீட்டு ஒன்று காலியாக இருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சீட்டு இருக்குதேப்பா, ஏன் நின்னுகினு வர?" என்று கேட்டாய், சின்னவனே. கால் மரத்துவிட்டது என்று சமாளித்தேன். அது பொய். அந்தச் சீட்டிலிருந்து பனியில் நனைந்த ரெக்சின் வாசனை வந்தது. உன் அக்காவும் நீயும் தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் கார் கதவுக்கு ரப்பர் செய்யும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை எனக்கு. விடியற்காலையில் சின்ன காஞ்சிபுரத்தில் கம்பெனி பஸ் ஏறுவேன். யாரும் ஒதுக்கித் தரவில்லை, ஆனாலும் அவரவருக்கு ஒரு சீட்டு இருந்தது. என் பக்கத்தில் சன்னலோரம் பாஷா பாய். காதில் அத்தர் பஞ்சு வைத்திருப்பார். பஸ் கிளம்பியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். அவர் எச்சில் வழிந்த சட்டையோடு நான் வேலை பார்த்த நாட்கள் உண்டு. அதையும் ஒரு மரியாதையாக நினைத்துக்கொண்டேன்!

பிறகு கார் விற்பனையில் மந்தம் வந்தது. நான் ஐடிஐ தாண்டாதவன், பொருளாதாரம் தெரியாது. எங்கோ தூரதேசத்தில் ஒருவர் கார் வாங்குவதைத் தள்ளிப்போட்டால், எங்கள் வழியில் தென்னேரி ஸ்டாப்பிங்கில் பஸ் ஏற ஆள் இருக்காது என்பது மட்டும் புரிந்தது. வேலை போய்விட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாயங்காலம் காண்ட்ராக்டரிடமிருந்து போன் வரும். "நாளைலேர்ந்து ரெஸ்ட்டுபா. சொல்லும்போது வா." அந்தச் 'சொல்லும்போது' ஒருவருக்கும் வரவில்லை.

முதலில் ரெஸ்ட் வாங்கியவரின் சீட்டில் பேக்கிங் பையன் ஒருவன் ஆசையாகப் போய் உட்கார்ந்தான். அன்று சாயங்காலமே அவனுக்கும் போன். அதற்குப் பிறகு அந்த மாதிரி சீட்டுகளை யாரும் தொடவில்லை. காலி சீட்டுக்குப் பக்கத்தில் உட்காரவும் பயந்தார்கள். சீட்டுகள் காலியாகக் காலியாக, பஸ்ஸில் நிற்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

டிரைவருக்குக் கோபம். "சீட்டு மேல பேயா உக்காந்துகினு இருக்குது?"

"பேய்னா பரவால்லண்ணா," என்றார் தென்னேரி கஸ்தூரி அக்கா, பேக்கிங் செக்‌ஷன். "பாஸ் இல்லாத பேய கேட்லயே நிறுத்திடுவான்."

எல்லோரும் சிரித்தோம். யாரும் உட்காரவில்லை. கோபப்பட்ட டிரைவர் மட்டும் என்ன? ஏற ஆளில்லாத ஸ்டாப்பிங்கிலும் பழக்கத்தில் நிறுத்துவார். கதவு திறக்கும். ஏரிப் பனி உள்ளே வந்து காலி சீட்டுகளின் ரெக்சினை நனைக்கும். யாரோ ஏறிவிட்ட மாதிரி கொஞ்சம் பொறுத்து மூடுவார்.

ஒரு நாள் பாஷா பாய் வரவில்லை. சன்னலோரம் அத்தர் வாசனை மட்டும் இருந்தது. "எழுந்து வந்துடு தம்பி, காலி சீட்டு பக்கத்து சீட்டயும் இழுத்துக்கும்," என்றார் கஸ்தூரி அக்கா. பெரியவளே, நீ அப்போது அம்மா வயிற்றில் எட்டு மாதம். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறில்லை. எழுந்துவிட்டேன். நின்றபடி வந்தும், தோளில் அந்தத் தலையின் கனம் கம்பெனி வரைக்கும் இறங்கவில்லை.

சில நாளில் எனக்கும் போன் வந்தது. "காஞ்சிபுரம் வண்டியவே கட் பண்ணிட்டாங்க. அந்த ரூட்டுக்கே ரெஸ்ட்டு."

என்ன நடந்தது என்று டிரைவர் பின்னால் சொன்னார். கேட்டில் வண்டிகளைப் பார்க்கிற ஆள் வெளியிலிருந்துதான் பார்ப்பாராம். பனி படிந்த கண்ணாடி, உள்ளே விளக்கில்லை, எந்தச் சன்னலிலும் ஒரு தலையில்லை. "காலி வண்டிக்கு இன்னாத்துக்கு டீசல்?" என்று ஆபீசில் சொல்லிவிட்டாராம். நாங்கள் அத்தனை பேரும் நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றிருந்தோம். உட்கார்ந்திருந்தால் தப்பித்திருப்போமா? மந்தம் எப்படியும் விட்டிருக்காது என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் நிச்சயமாகத் தெரியவில்லை.

பாஷா பாயின் நம்பரில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். ரோடு அகலமானதில் தென்னேரி ஸ்டாப்பிங் போய்விட்டது. இன்றைய கம்பெனி பஸ்களுக்குக் கறுப்புக் கண்ணாடி. உள்ளே ஆள் உண்டா என்பது வெளியே தெரிவதில்லை.

எனக்கு நின்று பழகிவிட்டது. நீங்கள் உட்காருங்கள். சன்னலோரமாக, தலை வெளியே தெரிகிற மாதிரி உட்காருங்கள்.