நடுவீட்டில் ஒன்பது கட்டு

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் சுங்காய்க்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்புக்கு நான்தான் கணக்கு டீச்சர். எனக்குப் பொறுமை கிடையாது. மேசையில் ரோத்தான் பிரம்பு இல்லாமல் பாடம் நடத்தியதே இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடன் வாங்கிக் கழிப்பதைச் சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் குடியிருக்கும் லயத்தையே கரும்பலகையில் வரைவேன். ஒட்டி ஒட்டி மூன்று வீடுகள்: நூறு, பத்து, ஒன்று. "ஒண்ணாம் வீட்ல பத்தலேன்னா என்ன செய்வீங்க?" என்றால், "பக்கத்து வீட்ல கேப்போம் டீச்சர்!" என்று வகுப்பே கத்தும். உப்பு, தேங்காய், தீப்பெட்டி என்று நாள் முழுக்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடுகிற பிள்ளைகள். சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

ஒருத்தியைத் தவிர. நடுவில் சைபர் வந்தால் போதும், கெடுத்துவிடுவாள். நானூற்றிரண்டில் நூற்றேழு போனால் இருநூற்றுத் தொண்ணூற்றைந்து, அவளுக்கு இருநூற்றைந்துதான். நூறாம் வீட்டில் எடுத்ததை நடுவீட்டில் இறக்கி, ஒன்பது பத்தை அங்கேயே விட்டு, ஒரு பத்தை மட்டும் கடைசி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இவளோ நடுவீட்டுக்குள் நுழையவே மாட்டாள். தொண்ணூறு அப்படியே காணாமல் போய்விடும்.

அடித்தேன். அழவில்லை. "இந்த வருசம் கணக்குல தவறுனா, தம்பியப் பாத்துக்கிட்டு வீட்லயே இருன்னு அப்பா சொல்லிட்டாரு டீச்சர்," என்றாள்.

"அப்புறம் ஏண்டி அந்த வீட்ல ஒம்பதை வைக்க மாட்டேங்குற?"

"அங்க எதையும் வைக்கக் கூடாதுலா. எடுக்கவும் கூடாது."

பிறகுதான் விசாரித்தேன். அவள் வீட்டை ஒட்டிய வீட்டில் இருந்த பெண், பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். புருஷன் கருமாதிகூடச் செய்யாமல் ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் தங்கை வீட்டோடு போய்ச் சேர்ந்துகொண்டான். கருமாதி ஆகாத வீட்டில் கொடுக்கல் வாங்கல் கிடையாது என்பது லயத்து வழக்கம். கரும்பலகையில் அந்த சைபரைப் பார்த்தபோதெல்லாம் இவள் அந்த வீட்டைத்தான் பார்த்திருக்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம்! "வாடி, அங்க யார் இருக்கான்னு பாத்துரலாம்," என்று பள்ளி விட்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நல்ல மத்தியான வெயில். விடியற்காலையிலேயே பாலுக்கு ரப்பர் மரம் வெட்டிவிட்டு வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார்கள். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ரப்பர் காய் வெடிக்கிற மாதம் அது. தகரக் கூரைகளில் கொட்டை வந்து விழுகிற 'பட்', 'பட்' சத்தம் மட்டும் கேட்டது.

கதவைத் தள்ளினேன். சாம்பல் அள்ளாத அடுப்பு. கொடியில் ஒரு சேலை, யாரோ இப்போதுதான் உதறிப் போட்டதுபோல. வகுப்பிலிருந்து கொண்டுபோன ஈர்க்குச்சிக் கட்டுகளை, பத்துப் பத்தாகச் சிவப்பு நூல் சுற்றியவை, அடுப்பு மேடையில் வைத்து எண்ணத் தொடங்கினேன்.

"சத்தமா எண்ணாதீங்க டீச்சர்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், என் குரல் தானாக இறங்கிவிட்டது. பத்துக் கட்டு. ஒன்றை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். "ஒண்ணு ஒங்க வீட்டுக்கு. ஒம்பது இங்கயே இருக்கட்டும். யாரும் தொட மாட்டாங்க, நாளைக்கு நானே வந்து பாத்துச் சொல்றேன்." வெளியே வந்து மண்ணில் கணக்கைப் போட்டாள். இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் பள்ளி விட்டதும் தனியாகப் போனேன். மேடையில் பத்துக் கட்டு இருந்தது. மூன்று தரம் எண்ணினேன். ஒன்பதில் என் சிவப்பு நூல். பத்தாவதில் மஞ்சள் கயிறு, மஞ்சள் வாசம் இன்னும் போகாமல். நான் எடுத்த கட்டு என் பையில்தான் இருந்தது. கடவுளே! செருப்பைக்கூடப் பார்க்காமல் ஓடிவந்துவிட்டேன்.

அடுத்த நாள் வகுப்பில் அவள் எழுந்து நின்றாள். "ஒம்பதுதான் இருந்துச்சா டீச்சர்?"

பத்து என்றால் போச்சு. ஆயுசுக்கும் அவள் அந்த வீட்டில் ஒன்பதை எழுத மாட்டாள், அப்பா படிப்பை நிறுத்திவிடுவார். "ஒம்பதேதான்," என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ வாங்கிக்கிட்டாங்க டீச்சர்."

"யாரு?"

"அந்த அக்கா. வாங்குனா விளக்கு வைக்கிறதுக்குள்ள திருப்பிக் குடுக்கணும்ல? எங்க வீட்டு வெளக்கமாத்துல பத்துக் குச்சி உருவி, சாமித் தட்டுல இருந்த மஞ்சக் கயித்துல கட்டி, நான்தான் வெச்சுட்டு வந்தேன்."

வாய் வரைக்கும் வந்த உண்மையை விழுங்கினேன். ஆண்டுச் சோதனையில் அவள் ஒரு கணக்கையும் விடவில்லை. சைபர் தலையில் ஒன்பதை அழுத்தி எழுதியிருந்தாள். அப்பாவும் ஐந்தாம் வகுப்புக்கு அனுப்பினார்.

ஒருநாள் அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். சாயங்காலமானால் பெண் அந்த வீட்டு வாசலில் நின்று, உள்ளே பார்த்துப் பள்ளிக் கதையெல்லாம் சொல்கிறாளாம், இடையிடையே நிறுத்திச் சிரிக்கிறாளாம். "யாருகிட்ட பேசுறா டீச்சர்?" என்று கேட்டார்.

ஆளில்லாத வீடு என்று காட்டப்போய், ஆளைக் குடிவைத்தவள் நான். தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.