இடது ஸ்பிரிங் ஏன் இறுக்கம்?

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு கருமக்கிரியைக்கு வந்தபோது உங்களில் பலர் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அந்தப் பழைய மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். மோட்டார் சமாச்சாரம் தெரிந்தவர்கள் பின் சக்கரத்தருகே குனிந்து பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "ஏம்மா, எடது பக்க ஸ்பிரிங்கு வலது பக்கத்தவிட இறுக்கமா இருக்கே? ஒங்க அண்ணன் மறந்துட்டாரா?"

மறக்கவில்லை. அன்றைக்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது சொல்கிறேன்.

அண்ணன் லூபோக் சீனா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். நான் தவழும் வயதில் அப்பா தவறிவிட்டார். அம்மா பால்மரம் வெட்டிப் பால் எடுத்து எங்கள் இருவரையும் ஆளாக்கினார். சிறு வயதிலேயே அண்ணனின் கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டு ரேடியோவைப் பிரித்து மறுபடி பூட்டியபோது மூன்று திருகாணிகள் மிச்சமாகிவிட்டனவாம். வீட்டுக்காரர் பதறியிருக்கிறார். அண்ணன் ரேடியோவைத் திருப்பிப் பாட வைத்துவிட்டு, "பாடுதுல்ல? அப்ப இது தேவையில்லாத ஸ்குரூ லா," என்றிருக்கிறார். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறியபோது நாங்கள் குருபோங்கில் வரிசை வீடுகள் கொண்ட ஒரு தாமானுக்கு வந்தோம். தொழிற்பயிற்சி முடித்திருந்த அண்ணனுக்குத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. ஆனால் தோட்டத்தை விட்டு வரும்போது அம்மா ஒரு வலியையும் கொண்டு வந்துவிட்டார். ஆட்களை ஏற்றிச் செல்லும் லாரியிலிருந்து இறங்கும்போது விழுந்ததில் இடுப்புக்கு மேலே அடி. நடப்பார், சமைப்பார், நேராக உட்காருவார். குலுக்கல் மட்டும் ஆகாது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அம்மா நாள் முழுக்கப் படுத்திருப்பார். காரில் தாழ்வாகச் சாய்ந்து உட்கார்ந்தால் எழ முடியாது.

அம்மாவின் ஒரே உடன்பிறப்பான பெரியம்மா இன்னும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். அவருக்குக் கால் நடக்காது. ஆக, அக்காவால் இங்கே வர முடியாது, தங்கையால் அங்கே போக முடியாது. யாராவது பெரியம்மாவைத் தூக்கி வந்தால், தோட்டத்துக் கடையில் உள்ள டெலிபோனில் எப்போதாவது பேசிக்கொள்வார்கள். பேசி முடித்த பிறகு அம்மா போனை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் போலும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அண்ணன் லாரியில் ஒரு துருப்பிடித்த எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து இறக்கினார். கணக்கு எழுதி ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி ஒருவர் வீட்டில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த பழைய இங்கிலீஷ் மோட்டார் அது. பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது. சக்கரம் நேராகச் சட்டத்திலேயே பூட்டியிருந்தது. ரோட்டில் உள்ள கல்லையெல்லாம் முதுகெலும்பு எண்ணிவிடும்.

"இதுலதான் அம்மாவ பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகப் போறேன்," என்றார்.

"எனக்காகவாம்!" என்றார் அம்மா, கோழி எச்சத்தைப் பார்த்துக்கொண்டே. "ஆசை அவனுக்கு, பேரு எனக்கு."

எனக்கும் அதே சந்தேகம். நான் அப்போது தொழில்நுட்பப் பள்ளியில் ஐந்தாம் படிவம். கேள்வி கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. "ஏன் இது? ஒங்க கிட்ட இருக்கற சின்ன மோட்டாருலயே நல்ல அப்சோபர் போட்டா பத்தாதா அண்ணே?" என்று கேட்டேன். அண்ணன் ஒரு நாளும் "சும்மா இரு" என்று சொன்னதில்லை. இரண்டு மோட்டாரையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். சின்னது குட்டை, லேசு. பள்ளத்தில் முழு வண்டியும் துள்ளும். பழையது நீளம், கனம். சக்கரம் மட்டும் ஏறி இறங்க வழி செய்துவிட்டால் மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. "வண்டி கனமா இருக்கணும், சக்கரம் லேசா இருக்கணும். நீதான் பிசிக்ஸ் படிக்கற, சரியா தப்பா சொல்லு," என்றார். சரிதான்.

அண்ணனோடு வேலை செய்த கோபால் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துவிடுவார். சட்டத்தின் பின்பாதியை வெட்டினார்கள். கிளேபாங்கில் வெல்டிங் கடை வைத்திருக்கும் ஆ கியோங் அங்கிள், வேறொரு மோட்டாரிலிருந்து கழற்றிய இரும்புக் கையை அங்கே பொருத்தினார். பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கதவு போல மேலும் கீழும் ஆடும் கை அது. அதற்கும் சட்டத்துக்கும் நடுவில் இடம் ஒன்று வலம் ஒன்றாக, குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் சுற்றிய அப்சோபர்.

முதலில் போட்டவை கல் போல இருந்தன. "வேற ஸ்பிரிங் தேடணும்," என்றார் கோபால் அண்ணன். எனக்கு ஒரு யோசனை வந்தது. அட்டையில் அந்த இரும்புக் கையைப் போல வெட்டி, ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பேண்டு மாட்டிப் பார்த்தேன். அப்சோபரின் கீழ் முனையைச் சக்கரத்திலிருந்து விலக்கி, கை சுழலும் இடத்தை நோக்கி நகர்த்த நகர்த்த, அதே ரப்பர் பேண்டு சோம்பேறி ஆனது. சக்கரப் பக்கம் நெம்புகோல் நீண்டுவிடுகிறது, அவ்வளவுதான். அண்ணன் அந்த அட்டையை நூறு தடவையாவது ஆட்டிப் பார்த்திருப்பார். மறுவாரமே அப்சோபரின் பிடிப்பை இடம் மாற்றினார்.

அப்புறம் சோதனை. அம்மாவின் எடைக்கு அரிசிப் பைகளைப் பின் சீட்டில் கட்டி, தாமானைச் சுற்றினோம். அப்சோபர் தண்டில் அண்ணன் ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருந்தார். ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் வளையம் தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். ஓடி வந்த பிறகு பார்த்தால் போதும். வளையம் நடுவில் அழகாக நின்றது. ஒரு தண்டில் பார்த்தோம், மறுபக்கம் பார்க்கத் தோன்றவே இல்லை. மூவரும் கைதட்டிக்கொண்டோம்.

அடுத்த நாள் அம்மாவை ஏற்றினோம். "கொண்டைக்கு மேல ஹெல்மெட்டா?" என்று கொஞ்சம் சண்டை. பிறகு சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு.

மோட்டார் முதல் வளைவிலேயே மாட்டு வாலைப் போலப் பின்பக்கத்தை வீசியது. அண்ணன் நிறுத்துவதற்குள் அம்மா அவர் முதுகில் இரண்டு போட்டுவிட்டார்.

"டேய், என்ன மூட்டைன்னு நெனச்சியாடா நீ?"

உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தோம்! மூட்டை சீட்டின் நடுவில் உட்காரும். அம்மா ஒருக்களித்து உட்காருவார். பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில், லயத்தில், தாமானில் பெண்கள் அப்படி உட்காருவதைத்தான் பார்த்திருக்கிறோம். பார்த்துப் பார்த்து அது கண்ணில் படாமலே போய்விட்டது. எடை முழுவதும் இடது அப்சோபரில் இறங்க, ஒல்லியான இரும்புக் கை முறுக்கிக்கொண்டது. அண்ணன் சாலையோரம் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

கோபால் அண்ணன் தீவிரமாக யோசித்து, "அம்மாவ சிலுவார் போட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு ஒக்காரச் சொல்லுங்களேன்," என்றார்.

"நீயே போய்ச் சொல்லு லா. நான் இங்கயே நிக்கறேன்," என்றார் அண்ணன். கோபால் அண்ணன் சமையலறை வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டார். "வேணாம். மோட்டாரயே மாத்திரலாம்."

அப்படித்தான் மாற்றினார்கள். கை முறுக்காமல் இருக்க ஆ கியோங் அங்கிள் குறுக்கே ஓர் இரும்பு முட்டு வைத்தார். இடது பக்கம் இரண்டு பாதமும் வைக்கும் அகலமான மிதிபலகை. சேலை சக்கரத்தில் போகாமலிருக்க ஒரு கம்பித் தடுப்பு. அப்சோபரின் அடியில் படிக்கட்டு போல வெட்டிய இரும்பு வளையம் ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் ஸ்பிரிங் படிப்படியாக இறுகும். வலதைவிட இடதை இரண்டு படி கூட்டி வைத்தார் அண்ணன். இந்த முறை அம்மாவே சோதனை மூட்டை.

லூபோக் சீனா போன அன்று நான் கோபால் அண்ணனின் மோட்டாரில் பின்னாலேயே போனேன். தார் சாலை முடிந்து செம்பனைக்குள் செம்மண் பாதை தொடங்கியதும் நான் கோபால் அண்ணனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பின் சக்கரம் மட்டும் பைத்தியம் பிடித்தது போல ஏறி இறங்கியது. அம்மாவின் கொண்டைமேல் இருந்த ஹெல்மெட் ஆடவில்லை. அப்படியிருந்தும் நடுப்பாதையில் அண்ணன் பயந்துபோய் நிறுத்தினார்.

"அம்மா? வலிக்குதா?"

"ஏன்டா நிப்பாட்டுன? அக்கா வாசல்ல காத்துக்கிட்டு இருக்கும். ஓட்டு."

பெரியம்மா நாற்காலியிலிருந்தபடியே, "யாருடி அது, தொர வூட்டு அம்மா மாதிரி வந்து எறங்கறது!" என்று கத்தினார். அதற்குப் பிறகு இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுததையும், அழுகை முடிந்ததும் பழைய சண்டை ஒன்றை விட்ட இடத்திலிருந்து தொடங்கியதையும் எழுதினால் மலர் போதாது. அதன் பிறகு மாதம் தவறாமல் அந்தப் பயணம் நடந்தது.

அண்ணனுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தபோது நான் பாலிடெக்னிக்கில் இருந்தேன். இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகாத நாட்களில் எதுவும் நடக்காதது போல வேலைக்குப் போனார். முடிந்தவரை பெரியம்மா வீட்டுப் பயணத்தையும் விடவில்லை. அப்படி ஒரு முறை போய் வந்த மாலை, வாசலில் உட்கார்ந்து இடது தண்டின் ரப்பர் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடமிருந்து கருவியை வாங்கி, மூச்சு வாங்க வாங்க, இடது ஸ்பிரிங்கை ஒரு படி தளர்த்தினார்.

"ஏண்ணே? நல்லாத்தானே இருந்துச்சு?"

"வளையம் முன்ன மாதிரி எறங்கலடி." குரலைத் தாழ்த்தினார். "அம்மா எளைச்சிருச்சு. எனக்குச் சோறு போட்டுட்டு அது சாப்புடறதில்ல. கேட்டா சாப்ட்டேன்னுதான் சொல்லும்."

மருத்துவமனையில் கடைசி நாட்களில்கூட அண்ணன் தம் வலியைப் பற்றிப் பேசவில்லை. என்னைப் பார்த்தால், "அம்மா சாப்ட்டுச்சா?" அதற்கடுத்து, "மோட்டாருல எண்ணெ ஒழுகுதா?" இந்த வரிசையிலேயேதான் கேட்பார்.

நீங்கள் அன்று வாசலில் பார்த்தது, இரண்டில் மீந்திருந்த அந்த ஒரு படி.

இப்போது மோட்டாரை நான் ஓட்டுகிறேன். "பொண்ணு ஓட்டி நான் பின்னாடி ஒக்கார்றதா?" என்று அம்மா பல மாதம் ஏறவில்லை. பெரியம்மா போனில் பேச்சுக் கொடுத்தும், அவர் மருமகள்களும் அக்கம்பக்கத்தாரும் விடாமல் வந்து சோறு ஊட்டியும் அவரை எழுப்பி நடமாட வைத்தார்கள். இந்த நினைவு நாளைப் பெரியம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லியே ஆக வேண்டும் என்று சென்ற மாதம் அம்மாவே ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். செம்மண் பாதையில் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். ரப்பர் வளையம் இடது தண்டின் கோடி வரை தள்ளப்பட்டிருந்தது.

"என்னா புள்ள, ஒடைஞ்சிருச்சா?" என்றார் அம்மா.

"ஒன்னும் ஒடையல. நீ குண்டாயிட்டம்மா."

"கண்ணு வைக்காத. ஏறு."

அண்ணனுக்காக இரவு பகல் பாராமல் உழைத்த தாதியருக்கும் மருத்துவருக்கும், தொழிற்சாலை நண்பர்களுக்கும், கோபால் அண்ணனுக்கும், ஆ கியோங் அங்கிளுக்கும், எங்கள் அம்மாவை மீண்டும் சாப்பிட வைத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று படையலுக்கு வரும்போது மறுபடியும் குனிந்து பாருங்கள். இடது ஸ்பிரிங் வலதைவிட இரண்டு படி இறுக்கம். நேற்று நானே திருப்பி வைத்தேன்.