பின்பக்கமாகக் கரை சேர்ந்த படகு

1. சாக்கில் வந்த மோட்டர்

முல்லைத்தீவில் பற்றரி சார்ஜ் பண்ணும் கடையொன்றில் மோட்டருக்குள் சுழலும் ஆமச்சருக்குக் கம்பி சுற்றும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் நாளே, சுலைமான் காக்கா ஒரு சாக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சாக்கிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டியது. உள்ளே ஒரு படகு மோட்டர். மண்ணெண்ணெயில் ஓடுவதல்ல, கார் பற்றரியில் ஓடுவது. நீளமான குழாய், மேல்முனையில் கைபிடியும் சுவிட்சும். தண்ணீருக்குள் இறங்கும் கீழ்முனையில் தேங்காய் அளவு மோட்டர், அதன் நுனியில் விசிறி. இங்கே வேலை செய்துவிட்டு நாடு திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் காக்காவுக்கு விட்டுப்போனது.

முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல் நாங்களும் காக்கா என்று அழைத்த அவர், ஆழமில்லாத நந்திக்கடல் களப்பின் இரண்டு கரைக்கும் சாமான் ஏற்றுகிற வியாபாரி. அவருடைய சின்னப் படகு பாயில்தான் ஓடும். காற்று விழுந்தால் மட்டும் மோட்டரை இறக்குவார்.

கடைக்காரர் பரமேசண்ணை சாக்கைக் கையால் தொடவில்லை.

"காக்கா, கறன்டும் தண்ணியும் சேர்ந்தாச் செத்தவீடுதான். நான் உதில கைவைக்கமாட்டன்."

"அந்தச் செத்தவீட்டைக் கலியாணவீடாக்கத்தானே உங்களிட்டக் கொண்டு வந்தனான்."

பரமேசண்ணை என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ ஒருக்காத் திறந்து பாக்கிறியோ?"

"பாக்கிறேங்க" என்றேன்.

நாங்கள் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் எலெக்றீசியனாக இருந்தவர். எழுபத்தேழில் தமிழருக்கெதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினோம். கம்பி சுற்ற நான் பழகியது அப்பாவிடம்.

விசிறியைக் கழற்றியதுமே காரணம் தெரிந்துவிட்டது. தங்கூசி என்கிற நைலோன் வலையின் நூல் தண்டில் சுற்றி இறுகி, தண்ணீரை மறிக்கிற சீல் என்ற றப்பர் வளையத்தை அறுத்திருந்தது. உள்ளே உப்பு பூத்திருந்தது. நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்தேன். ஆமச்சருக்குக் கறன்டு வாங்கிக் கொடுக்கிற கொமியூட்டேட்டரை மெல்லிய அரத்தாளால் துடைத்து, செப்புத் துண்டுகளின் இடுக்குகளை இரும்பறுக்கும் வாளின் உடைந்த பிளேட்டால் சுரண்டினேன். சீலுக்கு ஒரு பழைய தண்ணீர்ப் பம்பின் சீல் பொருந்தியது. திரும்பப் பூட்டும்போது காந்தம் ஆமச்சரை வெடுக்கென்று இழுத்து என் விரலை நசுக்கியது. இன்றைக்கும் அந்த நகம் கோணல்தான்.

தண்ணீர் நிரப்பிய தகரப் பீப்பாவில் இறக்கி, பற்றரியில் கொளுவி, சுவிட்சைத் திருப்பினேன். பீப்பாவில் பாதித் தண்ணீர் பரமேசண்ணையின் சேட்டில் நின்றது.

"ஓடுது! பிள்ளை, ஓடுது!" என்று அவர் துள்ளினார்.

2. குளிப்பாட்டு

மோட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது காக்காவுக்குச் சில கட்டளைகள் போட்டேன். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரில் கழுவவேண்டும். விசிறியைக் கழற்றி நூல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பற்றரி முனைகளுக்குக் கிறீஸ் பூசவேண்டும். பற்றரியை முழுதாக இறங்கவிடக் கூடாது.

"நான் பெத்ததுகளைக்கூட இவ்வளவு குளிப்பாட்டினதில்லைப் பிள்ளை" என்றார். ஆனால் சொன்னபடியே செய்தார். பல மாதம் ஒரு குறையும் வரவில்லை.

3. சாதாழை

மாசி மாதம் வந்தது. எங்கள் குடியேற்றத்து ஆட்கள் மலையில் ஆடிய, சிவன் மதனை எரிக்க ரதி அழுகிற காமன் கூத்தை வன்னியிலும் ஆடத் தொடங்கியிருந்தார்கள். அப்பாதான் ரதி. அதைப் பற்றிக் காக்கா அக்கரையிலிருந்த மீன்பிடி ஊரில் போய்ச் சொல்ல, "எங்கட கோயில் வளவிலயும் வந்து ஆடச் சொல்லுங்கோ" என்று அவர்கள் கேட்டனுப்பினார்கள்.

நாங்கள் வந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்து ஊர்கள் எதுவும் எங்களை ஒரு நல்லது கெட்டதுக்கு அழைத்ததில்லை. அம்மா ரதியின் பாவாடைக்கு இரண்டு தரம் சரிகை தைத்தார். சந்தை, தெரு என்று போகிற இடத்திலெல்லாம் அப்பா இந்த அழைப்பைப் பற்றியே பேசினார்.

மழையில் தெருவின் மதகு உடைந்திருந்தபடியால் லொறி போகாது. காக்காவின் படகிலேயே போவதென்று முடிவாயிற்று. "மோட்டருக்கு வைத்தியரும் கூட வரட்டும்" என்று காக்கா என்னையும் ஏற்றினார். பின்னேரம் ரதியும் மதனும் வேசம் கட்டி, தப்படிக்கிறவர்களோடு படகில் ஏறினார்கள்.

பாதி வழியில் காற்று விழுந்தது. காக்கா மோட்டரை இறக்கினார். கொஞ்சத் தூரம் அழகாகப் போனோம். பிறகு விசிறியில் சாதாழை சுற்றிக்கொண்டது. நந்திக்கடலின் அடியில் தலைமயிர்போல் வளர்கிற பாசி அது. மோட்டர் முனகியது. ஓடிவிடும் என்று நினைத்துக் காக்கா சுவிட்சை இன்னும் கூட்டினார். கைபிடியிலிருந்து புகை வந்தது.

"காக்கா, விடுங்கோ!" என்று கத்திக்கொண்டு பற்றரி வயரைப் பிடுங்கினேன்.

தாங்குகோலை ஊன்றிப் பார்த்தார்கள். கோல் சேற்றில் புதைந்ததே தவிரப் படகு நகரவில்லை. அக்கரையில் சனம் கூடி நிற்பது தெரிந்தது. மதன் வேசக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மொதமொதலா கூப்பிட்டிருக்காங்க. இப்படி நடுவுல நின்னுட்டோமே!"

அப்பா எழுந்து பாவாடையை இடுப்பில் செருகினார். காலில் சலங்கை, மூக்கில் மூக்குத்தி, கையில் காக்காவின் கத்தி. அப்படியே தண்ணீருக்குள் இறங்கினார். தண்ணீர் இடுப்பளவு.

"சரசு, காத்தாடிய நான் பாக்கிறேன். நீ சுவிட்ச பாரு" என்றார் என்னிடம்.

அவர் சாதாழையை வெட்டி வெட்டி எறிந்தார். நான் சுவிட்ச் மூடியைக் கழற்றினேன். முன்னோக்கி ஓடுவதற்கான செப்பு முனைகள் கருகி உருகியிருந்தன. அங்கே மாற்ற என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்திலேயே இன்னொரு சோடி முனை புதுக்காசுபோல் மின்னியது. பின்னோக்கி ஓடுவதற்கானது. அதைக் காக்கா ஒருநாளும் பாவித்ததில்லை.

"அப்பா, முன்னுக்குப் போறது எரிஞ்சிருச்சு. பின்னுக்குப் போறது நல்லாயிருக்கு."

அப்பா ஒரு கணம்தான் யோசித்தார். "அப்ப பின்னுக்கே போயிருவோம்."

"ஊருக்குள்ள பின்பக்கமாகவோ போறது?" என்றார் காக்கா.

"போய்ச் சேந்தா சரிதானே மொதலாளி!"

அப்பா தோளைக் கொடுத்துப் படகைத் திருப்பினார். அதன் பின்பக்கம் இப்போது அக்கரையைப் பார்த்தது. அவரை ஏற்றிக்கொண்டு வயரைக் கொளுவி, சுவிட்சை மறுபக்கம் மெதுவாகத் திருப்பினேன். விசிறி சுற்றியது. படகு பின்பக்கமாக ஊரத் தொடங்கியது. எல்லோரும் எழுந்து மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லாமலே தப்பு முழங்கத் தொடங்கியது. காக்கா சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.

கரையில் சனம் முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கி வந்து எங்களைப் பார்த்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் அப்பாவிடம் பணிவாகக் கேட்டார்:

"உங்கட பக்கத்தில கூத்துக்காரர் இப்பிடிப் பின்பக்கமாத்தான் வாறதோ?"

அப்பா நனைந்த பாவாடையோடு நிமிர்ந்து நின்று, "ஆமாங்க, அதுதான் மொறை" என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அன்று அப்பா ஆடியதுபோல் ஓர் ஆட்டத்தை நான் பிறகு எந்த மேடையிலும் பார்த்ததில்லை. மதன் எரிந்ததும் அவர் பாடிய ஒப்பாரிக்கு அந்த ஊர்ப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். விடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் புட்டும் மீன்குழம்பும் வந்தன. எங்கள் குடியேற்றத்தில் அடுத்து நடந்த கலியாணத்துக்கு அந்த ஊர் பந்தல் போட வந்தது.

4. இளையவர்களுக்கு

பிறகு செப்பு முனைகளைப் புதிதாக வெட்டிப் பூட்டினேன். வயரின் நடுவில் ஒரு பியூசும் போட்டேன். அந்த மோட்டரில் முதலிலிருந்தே பியூஸ் இருக்கவில்லை. இனி விசிறி இறுகினால் பியூஸ் போகும், சுவிட்ச் எரியாமல் தப்பும். பற்றரியில் ஓடும் எந்த மோட்டருக்கும் இதை மறக்காதீர்கள்.

இன்னொன்று. பழுது என்று யாராவது சாமான் கொண்டுவந்தால், "இதில இன்னும் என்ன ஓடுது?" என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

"அக்கா, ஓடாததைக் காட்டத்தானே கொண்டு வந்தனான்" என்று சிலர் கோபிப்பார்கள்.

"ஓம் தம்பி, அதையும் பாப்பம். முதல்ல ஓடுறதைச் சொல்லுங்கோ" என்பேன். வேலையை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன்.