நெட்டையனின் வில்

அந்த வில்லின் திருகாணியைத் தொட்டால் அதிர்ஷ்டம் போய்விடும் என்று பாரோ ஊர்ச் சந்தையில் யாரோ பேசிக்கொண்டார்களாம். கேட்டுவந்து சொன்னவன் நாடோவின் மைத்துனன். வில்லை நாடோவுக்கு விற்ற ஹா ஊர் நெட்டையன், நாண் இழுப்பை அதே அளவில் வைத்துத்தான் போட்டி போட்டியாக ஜெயித்தான். விற்ற கையோடு ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினான். அப்பேர்ப்பட்டவன் வைத்த அளவை மாற்றுவதாவது.

நாடோ குள்ளம். ஆப்பிள் லாரி ஓட்டுகிறவன். இருக்கையில் தலையணை போட்டால்தான் சாலை கண்ணுக்குத் தெரியும். அதைச் சொல்லி முதலில் சிரிப்பவனும் அவன்தான். ஆனால் வில் விஷயத்தில் சிரிப்பு வராது. இந்த வில் வந்ததிலிருந்து அவன் இடுப்பில் ஒரு வண்ணத்துணிகூடத் தொங்கியதில்லை. இலக்குப் பலகையில் அம்பைப் பதித்தவனுக்குத்தான் துணி. இன்றும் வெறும் இடுப்போடு திரும்பினால் அணியில் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக, குழுத்தலைவர் அப் லெதோ வெற்றிலை மென்றபடி காலையிலேயே சொல்லிவிட்டார். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் உறுத்தியது.

மதியம்வரை அம்புகள் பலகையைத் தவிர எல்லாத் திசையிலும் போயின. எதிரணியின் வாங்தா, எய்பவன் முதுகுப்பக்கம் நின்று கேலி செய்வதில் மன்னன். அந்த ஆட்டத்தில் அதுவும் ஒரு கடமை. முகம் சுளித்தால் பாதி தோற்றாயிற்று.

"அண்ணே, நாணைக் காதைத் தாண்டி இழுக்கறீங்களே, பின்னாடி நிக்கிற என் மூக்கைப் புடிக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நாடோவும் சிரித்தான், பாதியில் நிறுத்தினான். காதைத் தாண்டி. ஆமாம், அங்கேதான் போகிறது. நாண் அதற்குமேல் வராமல் நிற்கும் இடம் நெட்டையனின் தாடைக்குச் சரி. அதை எட்டுவதற்கு இவன் மல்லாந்து, தோளை உயர்த்தி, இன்னொருவன் கைநீளத்துக்குத் தன்னை இழுத்துக்கொண்டிருந்தான்.

மற்றவர்கள் சோற்றில் மிளகாயும் பாலாடைக்கட்டியும் பிசைந்துகொண்டிருக்க, அவன் லாரியிலிருந்து வளைந்த திருகுசாவியை எடுத்துவந்தான். மைத்துனன் பதறிப்போய்க் கையைப் பிடித்தான்.

"வேணாம் மச்சான். இருக்கிற அதிர்ஷ்டமும் போயிடும்."

"இருந்தாத்தானே போறதுக்கு."

வில்லின் இரு சக்கரங்களிலும் பதித்திருந்த தகடுகளின் திருகாணிகளைத் தளர்த்தி, இரண்டு துளை உள்ளே தள்ளி இறுக்கினான். அம்பில்லாமல் இழுத்தான். நாண் தாடையோரம் வந்து, சுவரில் முட்டியதுபோல் நின்றது. தோள் தானாக இறங்கியது. நாணை மெல்லத் திரும்ப விட்டான்.

அடுத்து அவன் முறை வந்தபோது முதல் அம்பு பலகைக்கு முன்னாலேயே மண்ணில் குத்தியது. இழுப்பு குறைந்தால் வேகமும் குறையும் என்பதை அவசரத்தில் மறந்திருந்தான். மைத்துனன் வேறுபக்கம் பார்த்தான்.

"அம்புக்குச் சோறு தின்ன மயக்கம் போல" என்றான் வாங்தா.

நாடோ அடுத்த அம்பைத் தொடுத்தான். வில்லைச் சற்றே உயர்த்தினான். தாடையோரம் நாண்; தோள் இறங்கியே இருந்தது. விட்டான்.

சத்தம் கேட்கவில்லை, அவ்வளவு தூரம். மைதானத்தின் மறுகோடியில் அவனுடைய ஆட்கள் திடீரென்று கைகளைத் தூக்கி ஆடத் தொடங்கினார்கள்.

அப் லெதோ தன் கையாலேயே மஞ்சள் துணியை அவன் இடுப்பில் செருகினார். "அடுத்த போட்டிக்கு லாரியைச் சீக்கிரம் கொண்டாந்து நிறுத்து" என்றார். வாங்தா மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பாட்டு எழுந்தது, ஆடும் வரிசை நாடோவையும் சேர்த்துக்கொண்டு நகர்ந்தது. நாடோவின் அங்கி மடிப்புக்குள் கைபேசி அடித்தது. மனைவி டெமாவாகத்தான் இருக்கும். மைத்துனன் அதற்குள் அக்காவிடம் சொல்லியிருப்பான். எடுக்க வேண்டுமானால் கையை இறக்க வேண்டும். இரண்டு கைகளும் வானத்தில் இருந்தன. கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.